நான்கு பேட்டரியும் சாம்பல் திரையும்

மாணவர்களே,

சென்ற ஆண்டு புத்தாக்கப் போட்டி ஒன்றுக்கு எங்கள் பள்ளியிலிருந்து படிவம் நான்கு மாணவிகள் மூவரை அழைத்துச் சென்றேன். எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. மழை வலுத்தால் அரை மணி நேரத்தில் தண்ணீர் ஏறி, சைக்கிள் நிறுத்துமிடம் வரை வந்துவிடும். அதற்காக அவர்கள் ஓர் எச்சரிக்கை மணி செய்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஒரு மிதவை, மிதவையின் தலையில் ஒரு சின்னக் காந்தம். குழாயின் மேல் பகுதியில், காந்தம் நெருங்கினால் தானாக மூடிக்கொள்ளும் சுவிட்ச். பிறகு ஒரு மணி, இரண்டு பேட்டரி. மொத்தச் செலவு இருபது ரிங்கிட்டைத் தாண்டவில்லை. ஆறு வாரம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட அது தவறவில்லை.

அதைக் கெடுத்தவன் நான்தான். “இது தாத்தா காலத்து வித்தை மாதிரி இருக்கிறது. நடுவர்கள் இப்போதெல்லாம் செயலி எங்கே, இணைய இணைப்பு எங்கே என்று கேட்பார்கள். கைப்பேசிக்குத் தகவல் போகிற மாதிரி மாற்றுங்கள்” என்றேன். மாற்றினார்கள். மணியும் அந்தப் புதிய மின்பலகை சொன்னால்தான் அடிக்கும் என்று இணைப்பை மாற்றிக் கட்டினார்கள். போட்டி நாளன்று மண்டபத்தில் அத்தனை பள்ளிகளும் அத்தனை கருவிகளும் ஒரே நேரத்தில் இணைப்பைத் தேட, எங்கள் பலகைக்கு மட்டும் இணைப்பு கிடைக்கவே இல்லை. நடுவர் வாளியில் தண்ணீரை ஊற்றினார். மிதவை அழகாக மேலே வந்தது. மணி அடிக்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் ஒருத்தி கேட்டாள்: “சார், பழைய மாதிரியே விட்டிருந்தா அடிச்சிருக்கும்ல?”

நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். அதற்கு எனக்கு ஒரு ஜப்பானியரின் துணை வேண்டியிருக்கிறது. அவர் பெயர் குன்பெய் யோக்கோய். பெயரைக் கேள்விப்பட்டிராவிட்டால் பரவாயில்லை. நீங்கள் விளையாட்டுக் கருவியைப் பிடிக்கும்போது இடது கைக் கட்டைவிரலுக்கு அடியில் கூட்டல் குறி வடிவில் ஒரு பொத்தான் இருக்குமே, அதை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்.

யோக்கோய் 1941-இல் கியோத்தோ நகரில் பிறந்தார். அங்கேயே தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தார். வகுப்பில் முதல் மாணவர் என்றெல்லாம் சொல்ல முடியாது. பெரிய மின்னணு நிறுவனங்களில் வேலை அமையவில்லை. 1965-இல் உள்ளூரிலேயே ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். அது ‘ஹனாஃபுடா’ என்னும் பூப்படச் சீட்டுகளை அச்சடிக்கும் நிறுவனம். சீட்டு செய்யும் இயந்திரங்கள் பழுதாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அந்த நிறுவனத்தின் பெயர் நிண்டெண்டோ. ஆம், அதே நிண்டெண்டோதான். 1889-இல் சீட்டுக் கம்பெனியாகத் தொடங்கியது அது.

இயந்திரம் ஒழுங்காக ஓடினால் பழுதுபார்ப்பவருக்கு வேலை இருக்காது. பொழுது போகாமல் யோக்கோய் தனக்கென ஒரு பொம்மை செய்துகொண்டார். நம் ஊர்க் கடைவீடுகளில் மடக்கி இழுக்கும் இரும்புக் கம்பிக் கதவைப் பார்த்திருப்பீர்கள். பெருக்கல் குறிகளைக் கோத்தது போல இருக்கும் அல்லவா? அதே அமைப்பில் ஒரு மரக்கை. கைப்பிடியை மூடினால் அது நீண்டு போய் எதையாவது பற்றும், திறந்தால் சுருங்கும். பிடியில் விரல் நகரும் தூரம் சிறிதுதான். ஒவ்வொரு பெருக்கல் குறியும் அந்த நகர்வைத் தன் பங்குக்குக் கூட்டிக்கொடுப்பதால் நுனி வெகுதூரம் போகிறது. தூரம் கூடும், விசை குறையும். நெம்புகோல் பாடத்தில் நீங்கள் படித்த அதே கணக்குதான்.

வேலை நேரத்தில் விளையாடியதைத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி பார்த்துவிட்டார். அறைக்கு வரச் சொன்னார். யோக்கோய் திட்டு வாங்கத் தயாராகப் போனார். “இதை விற்பனைக்குரிய பொருளாக்கு” என்று உத்தரவு கிடைத்தது. 1966-இல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் வெளிவந்த அந்தக் கை ஒரு மில்லியனுக்கு மேல் விற்றது. பழுதுபார்ப்பவர் அன்று முதல் பொம்மை வடிவமைப்பாளர்.

அடுத்து அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1969-இல் வந்த ‘லவ் டெஸ்டர்’. சிரிக்காதீர்கள், இதில் நல்ல அறிவியல் இருக்கிறது. இருவர் ஆளுக்கோர் உலோகக் குண்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். இருவருக்கும் இடையே எவ்வளவு அன்பு என்று முள் காட்டும்! உண்மையில் அந்த முள் காட்டுவது இருவர் உடல் வழியாகப் பாயும் மிகச்சிறிய மின்னோட்டத்தை. உள்ளங்கை வியர்த்தால் தோலின் மின்தடை குறையும், முள் ஏறும். பிடித்தவர் கையைப் பிடித்தால் யாருக்குத்தான் வியர்க்காது? மின்னோட்டத்தை அளக்கும் கருவி அப்போதே நூறாண்டு பழையது. அதில் புதிதாக எதுவும் இல்லை. ஆய்வகத்தில் தூசி படிந்து கிடந்த கருவியை எடுத்துக் கூச்சப்படும் இளைஞர்கள் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ என்பதில்தான் அவருடைய வாழ்க்கை முழுவதும் இருக்கிறது.

எழுபதுகளில் ஒரு நாள் அதிவேக ரயிலில் போய்க்கொண்டிருந்தார். எதிரே ஓர் அலுவலக ஊழியர், பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தார். கைக்கு அடக்கமாக, பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாமல் விளையாட ஒரு கருவி இருந்தால்? என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

அந்த நேரத்தில் கால்குலேட்டர் உலகத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திரவப்படிகம் என்ற பொருளின் விசித்திர குணத்தை 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஒருவர் கவனித்தார். 1968-இல் அமெரிக்காவில் அதைக் கொண்டு காட்சித்திரை செய்து காட்டினார்கள். 1973-இல் ஷார்ப் நிறுவனம் அதைக் கால்குலேட்டரில் வைத்தது. பிறகு ஷார்ப்புக்கும் கேசியோவுக்கும் கடும் போட்டி. ஆண்டுக்கு ஆண்டு விலை சரிந்தது. எழுபதுகளின் முடிவில் அந்தத் திரையும் அதன் சில்லும் குவியல் குவியலாக, மலிவாக, கோளாறெல்லாம் சரிசெய்யப்பட்டுக் கிடந்தன. பொறியாளர்களுக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது. யோக்கோய்க்கு அப்போதுதான் சுவாரசியம் பிறந்தது.

1980-இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ வந்தது. கால்குலேட்டரில் எட்டு என்ற எண் ஏழு துண்டுகளால் ஆனது. எந்தத் துண்டு கறுக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். யோக்கோயின் குழு அந்தத் துண்டுகளுக்குப் பதிலாகப் பந்தையும் கையையும் குரங்கையும் வரைந்து வைத்தது. மற்றபடி எல்லாம் கால்குலேட்டர்தான். ஒரு சிக்கல் வந்தது. திரையும் அதன் மேலுள்ள தகடும் ஒட்டிக்கொண்ட இடங்களில் நியூட்டன் வளையங்கள் தோன்றின. இரண்டு பரப்புகளுக்கு நடுவே மிக மெல்லிய இடைவெளி இருக்கும்போது, அவற்றிலிருந்து திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று மோதி இருளும் ஒளியுமாக உண்டாக்கும் வளையங்கள் அவை. கடன் அட்டையில் எழுத்துகளைப் புடைத்து நிற்கச் செய்கிறார்களே, அந்த முறையைக் கடன் வாங்கி, நுண்ணிய புள்ளிகளைப் புடைக்கச் செய்து இரண்டையும் விலக்கி வைத்தார்கள். வளையங்கள் போயின. அந்த வரிசைக் கருவிகள் மொத்தம் 43 மில்லியனுக்கு மேல் விற்றன.

1982-இல் அதே வரிசையில் ‘டாங்கி காங்’ வந்தபோது அந்தக் கூட்டல் குறிப் பொத்தான் பிறந்தது. கடைகளில் இருந்த பெரிய விளையாட்டு இயந்திரங்களில் நெம்புத்தடி இருக்கும். அதைச் சட்டைப்பையில் வைக்க முடியாது. யோக்கோய் ஒரு பிளாஸ்டிக் கூட்டல் குறியை நடுவில் ஒரு சின்னக் குமிழின் மேல் நிற்க வைத்தார். நான்கு முனைகளுக்குக் கீழேயும் ஒரு தொடுமுனை. இடப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் தானே மேலே எழும்பும். ஆகையால் எதிரெதிர் திசைகளை ஒரே நேரத்தில் அழுத்தவே முடியாது. கண்ணால் பார்க்காமலே விரலுக்கு நடு எது, முனை எது என்று தெரியும். ஏற்றப்பலகை விளையாடிய எந்தக் குழந்தைக்கும் தெரிந்த இயக்கவியல். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது விளையாட்டுக் கருவிகளில் இருக்கிறது.

தன் முறைக்கு அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். தமிழில் சொன்னால், ‘காய்ந்த தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்திப்பது’. ஆங்கிலத்தில் இதை ‘வாடிப்போன’ என்று மொழிபெயர்த்துப் பரப்பிவிட்டார்கள். அது சரியில்லை என்பது என் கருத்து. வாடியது குப்பைக்குப் போகும். ஆனால் தச்சரிடம் கேட்டுப் பாருங்கள், நாற்காலி செய்யக் காய்ந்த மரத்தைத்தான் எடுப்பார். பச்சை மரத்தில் செய்தால் ஒரு மாதத்தில் வளைந்து போகும். எப்படி வளையும், எங்கே வெடிக்கும் என்பதெல்லாம் தெரிந்து முடிந்த பொருள்தான் காய்ந்த பொருள். அதைப் பழகிய இடத்திலேயே பயன்படுத்தாமல், யாரும் நினைக்காத இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் பக்கவாட்டுச் சிந்தனை.

இதன் உச்சம் 1989-இல் வந்த ‘கேம் பாய்’. அதை அவர் தனி ஆளாகச் செய்யவில்லை. சத்தோரு ஒக்காடா முதலிய பொறியாளர்களின் உழைப்பு அதில் பெரும்பங்கு. ஆனால் எதை விட்டுவிடுவது என்ற முடிவில் யோக்கோயின் முத்திரை இருந்தது. வண்ணம் வேண்டாம். திரைக்குப் பின்னால் விளக்கு வேண்டாம். 160-க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள். அதே ஆண்டில் அட்டாரியின் ‘லின்க்ஸ்’ வந்தது: வண்ணத்திரை, பின்விளக்கு, வேகமான சில்லு. அடுத்த ஆண்டு சேகாவின் ‘கேம் கியர்’, அதுவும் வண்ணம்தான். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தால் எதை எடுப்பீர்கள்? நான்கூடக் கேம் பாயை எடுத்திருக்கமாட்டேன்.

ஆனால் ஒரு கணக்குப் போடுவோம். தாளும் பேனாவும் எடுங்கள்.

கேம் பாய்க்கு ஏஏ அளவு பேட்டரி நான்கு. ஒன்று 1.5 வோல்ட், தொடராக இணைத்தால் 6 வோல்ட். ஒரு நல்ல பேட்டரி ஏறக்குறைய 2 ஆம்பியர்-மணி மின்னூட்டம் தரும் என்று வைத்துக்கொள்வோம். தொடர் இணைப்பில் வோல்ட் கூடும், ஆம்பியர்-மணி கூடாது. ஆக 6-ஐ 2-ஆல் பெருக்க 12 வாட்-மணி ஆற்றல். கேம் பாய் இதில் சுமார் 15 மணி நேரம் ஓடியது. வகுத்தால் 0.8 வாட். இப்போது மற்ற இரண்டுக்கும் வாருங்கள். ஆறு பேட்டரி, 9 வோல்ட், 18 வாட்-மணி. அவை ஓடியது நான்கு மணி நேரம் அளவுக்குத்தான். வகுத்தால் 4.5 வாட். ஐந்து மடங்குக்கும் அதிகம்! இது தோராயக் கணக்குதான். ஆனாலும் கதை புரிந்துவிடும்.

அந்த ஆற்றலில் பெரும்பங்கு எங்கே போனது? திரைக்குப் பின்னாலிருந்த விளக்குக்கு. திரவப்படிகத் திரை தானாக ஒளிராது. அது ஒரு சன்னல் கதவு போல. ஒளியை விடும் அல்லது தடுக்கும், அவ்வளவுதான். கதவைத் திறந்து மூடச் செலவாகும் மின்சாரம் மிகக் குறைவு. ஒளியை உண்டாக்கத்தான் மின்சாரத்தைக் கொட்ட வேண்டும். அதிலும் வண்ணத் திரை என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் வண்ண வடிகட்டி இருக்கும். விளக்கின் ஒளியில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். கேம் பாயின் விளக்கு வேறெங்கோ இருந்தது. பகலில் சூரியன், இரவில் வரவேற்பறைக் குழல்விளக்கு. அதற்கு யோக்கோய் காசு கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் கேம் பாய் ஏறக்குறைய 90 டாலர். லின்க்ஸ் 180 டாலர். பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகாமல் அப்பாக்கள் எதை அலமாரியில் பூட்டிவைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேம் பாயும் அதன் வண்ண வாரிசான கேம் பாய் கலரும் சேர்ந்து 118 மில்லியனுக்கு மேல் விற்றன. என் கையில் அது வந்ததில்லை. பாசார் மாலாமில் பத்து ரிங்கிட்டுக்கு விற்ற ‘பிரிக் கேம்’தான் எனக்கு வாய்த்தது. கட்டம் கட்டமாகக் கறுக்கும் அந்தத் திரையும் கால்குலேட்டர் வம்சம்தான் என்று தெரியாமலேயே அதைத் தேய்த்துத் தீர்த்தேன்.

இங்கே நிறுத்திக்கொண்டால் நான் உங்களுக்கு அரை உண்மையைச் சொன்னவனாவேன். 1995-இல் யோக்கோய் ‘விர்ச்சுவல் பாய்’ என்ற கருவியைக் கொண்டு வந்தார். கண்ணை வைத்துப் பார்த்தால் காட்சி ஆழமாகத் தெரியும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே ஒரு வரிசை சிவப்பு எல்இடி. அதன் பிம்பத்தை வேகமாக அதிரும் கண்ணாடி ஒன்று இழுத்து இழுத்து முழுப் படமாக்கும். ஏன் சிவப்பு? சிவப்பு எல்இடி காய்ந்து முதிர்ந்த தொழில்நுட்பம். மலிவு, மின்சாரமும் குறைவு. பிரகாசமான நீல எல்இடி 1993-இல்தான் ஜப்பானில் வெற்றி கண்டிருந்தது. அதற்கான ஆய்வுக்குத்தான் 2014-இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே அவருடைய சூத்திரப்படி சிவப்பு சரியான தேர்வு.

ஆனால் விர்ச்சுவல் பாய் படுதோல்வி. கறுப்புப் பின்னணியில் சிவப்புக் கோடுகளைப் பார்த்துப் பலருக்குக் கண் வலித்தது, தலை வலித்தது. மேசையில் வைத்துக் குனிந்து விளையாட வேண்டியிருந்தது. ஏறக்குறைய 770,000 மட்டுமே விற்று, ஓராண்டுக்குள் நிறுத்தப்பட்டது. மலிவான பழைய பொருள் என்பதால் மட்டும் அது சரியான பொருள் ஆகிவிடாது. கேம் பாயில் விட்டுவிட்ட வண்ணத்தை விளையாடுபவர் சீக்கிரம் மறந்துபோனார். விர்ச்சுவல் பாயில் விட்டுவிட்டதை அவர் கண்ணும் கழுத்தும் மறக்கவில்லை. எது இல்லாவிட்டாலும் மனிதன் சமாளிப்பான், எது இல்லாவிட்டால் சமாளிக்கமாட்டான் என்று பிரித்துப் பார்ப்பது கணக்கில் வராத வேலை. முப்பது ஆண்டு அனுபவசாலிக்கே அது ஒருமுறை தவறியது.

யோக்கோய் 1996-இல் நிண்டெண்டோவை விட்டு விலகினார். தோல்விக்காகத் துரத்தப்பட்டார் என்று கதை கட்டுவார்கள். விலகும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. சொந்தமாக ‘கோட்டோ’ என்ற சிறு நிறுவனம் தொடங்கினார். 1997 அக்டோபரில் நெடுஞ்சாலையில் ஒரு சிறு விபத்துக்குப் பிறகு காரிலிருந்து இறங்கியவர் மீது வேறொரு கார் மோதியது. அப்போது அவருக்கு வயது 56. அவர் பங்களித்த ‘வொண்டர்ஸ்வான்’ கருவி 1999-இல் வந்தது. வண்ணமில்லாத திரை, ஒரே ஒரு ஏஏ பேட்டரி. நான்கிலிருந்து ஒன்று! கடைசிவரை மனிதர் அந்தக் கணக்கை விடவில்லை.

“அப்படியானால் புதியதைக் கற்கத் தேவையில்லையா சார்?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கற்கத்தான் வேண்டும். 1888-இல் ஒருவர் புதியதை உற்றுப் பார்த்திராவிட்டால் 1980-இல் யோக்கோய்க்குப் பழையது என்று எதுவுமே இருந்திருக்காது. நீல எல்இடிக்காக ஆண்டுக்கணக்கில் முட்டி மோதியவர்களும் நமக்குத் தேவை. உங்களில் சிலர் அப்படிப் போவீர்கள், போங்கள். என் வருத்தம் வேறு. போட்டிக்குப் போட்டி, ‘செயற்கை நுண்ணறிவு’ என்றும் ‘இணைய இணைப்பு’ என்றும் தலைப்பில் எழுதியிருந்தால் போதும், அது அறிவியல் என்று நாங்கள், அதாவது ஆசிரியர்களும் நடுவர்களும், உங்களைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பலகைக்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, பல நேரம் எங்களுக்கும் தெரியாது. கெட்டால் பழுதுபார்க்க முடியாது. ஆனால் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் தங்கள் மிதவை மணியின் ஒவ்வோர் அங்குலமும் தெரிந்திருந்தது. காந்தம் எத்தனை மில்லிமீட்டரில் சுவிட்சை மூடும் என்று அளந்து வைத்திருந்தார்கள். மணி அடிக்காத நேரத்தில் மின்னோட்டமே இல்லை, அதனால் பேட்டரி மாதக்கணக்கில் நிற்கும் என்று அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். நான் அன்று கவனமாகக் கேட்டிருக்க வேண்டிய வாக்கியம் அது.

அந்த மூவரும் இப்போது படிவம் ஐந்து. எஸ்பிஎம் நெருக்கத்திலும் இந்த ஆண்டுப் போட்டிக்குப் போகவேண்டும் என்கிறார்கள். மின்பலகையைக் கழற்றிவிட்டார்கள். போன வாரம் பதிவுப் பாரத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். ‘பயன்படுத்தப்படும் தொழில்நுட்பம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. “இதுல என்ன சார் எழுதறது?” என்று கேட்டார்கள்.

“மிதவை, காந்தம், சுவிட்ச், மணி” என்று எழுதச் சொன்னேன்.